கோலிமா: உருகாத நிலத்தின் மேல் ஒரு பேராறு

கோலிமா என்ற பெயர் ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் வாசித்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அந்தப் பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் அது ஓர் ஆற்றின் பெயர் என்று சொன்னால் நண்பர்களில் பாதிப்பேர் வியக்கிறார்கள். இதில் எனக்கு நெடுநாளாகவே மனக்குறை உண்டு. 2,129 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் விழும் ஆறு அது. அதன் வடிநிலம் பிரான்ஸ் நாட்டைவிடப் பெரியது. அதன் கரைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்து வருகிறார்கள். அத்தனையும் கால் நூற்றாண்டுக் கொடுமையின் நிழலுக்குள் மறைந்துபோனது. அந்தக் கொடுமை ஏன் அங்கே நிகழ்ந்தது என்று புரிந்துகொள்வதற்குக்கூட ஆற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆற்றைப் படிப்பதற்கோ அதன் அடியில் கிடக்கும் நிலத்தைப் படிக்க வேண்டும்.

நான் அங்கே போனதில்லை. வரைபடங்கள், பயணக் குறிப்புகள், ஆய்வுக் கட்டுரைகள், செயற்கைக்கோள் படங்கள் வழியாகவே இந்த ஆற்றைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். தொலைவிலிருந்து பார்ப்பதிலும் ஒரு நன்மை உண்டு. ஊற்றுக்கண் முதல் கழிமுகம் வரை ஒரே பார்வையில் விரித்து வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் ஏன் இப்படி வளைகிறது, இந்தக் கரை ஏன் இப்படிச் சரிகிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போகலாம்.

ஆசியாவின் வடகிழக்கு மூலையில், ஒகோட்ஸ்க் கடலுக்கு மேற்கிலும் வடக்கிலும் மலைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே அயான்-யூர்யாக், குலூ என்ற இரு ஆறுகள் சேர்ந்த இடத்திலிருந்து கோலிமா என்ற பெயர் தொடங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேல் கோலிமாவின் தென்பகுதி ஓடைகள் சில, ஒகோட்ஸ்க் கடற்கரையிலிருந்து சில நாள் நடைத்தொலைவிலேயே பிறக்கின்றன. தெற்கே திரும்பியிருந்தால் விரைவில் கடல் சேர்ந்திருக்கும் நீர், நீர்பிரி மேட்டின் மறுபக்கம் விழுந்த ஒரே காரணத்தால் வடக்கே ஈராயிரம் கிலோமீட்டர் பயணப்பட்டுக் கிழக்கு சைபீரியக் கடலை அடைகிறது. இந்தச் சிறிய நீர்பிரி மேடுதான் பிற்காலத்தில் அந்தப் பகுதியின் தலையெழுத்தை எழுதியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிலம். கோலிமாவின் வடிநிலம் முழுவதும் இடைவெளியே இல்லாத நிரந்தர உறைநிலத்தின் மேல் அமைந்திருக்கிறது. சைபீரியாவின் மற்றப் பேராறுகளான லேனாவுக்கும் யெனிசெய்க்கும் ஓபுக்கும் தெற்கே உறையாத நிலத்தில் ஒரு கால் உண்டு. கோலிமாவுக்கு அதுவும் இல்லை. முழுக்க முழுக்கத் தொடர் உறைநிலத்தில் கிடக்கும் வடிநிலங்களில் உலகிலேயே பெரியது இதுதான். கோடையில் மேற்பரப்பு மட்டும் இளகும். தூந்திரப் பகுதியில் முழங்கால் ஆழம், தெற்குச் சரிவுகளில் இன்னும் கொஞ்சம். அதற்குக் கீழே சில நூறு மீட்டர் வரை கல்லாய் இறுகிய மண்ணும் பனியும்தான்.

இதனால் ஆற்றுக்கு என்ன ஆகிறது? மற்ற ஆறுகள் மழையில்லாத காலத்தில் நிலத்தடி நீரை நம்பி உயிர் பிடித்திருக்கும். இங்கே நீர் மண்ணுக்குள் இறங்கவே முடியாது. பெய்த மழையும் உருகிய பனியும் தரையின் மேலாகவே வழிந்து ஆற்றுக்கு வந்துவிடும். வெள்ளம் சட்டென்று ஏறும், சட்டென்று வடியும். குளிர்காலத்தில் ஊட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டி இறங்கும்போது சிறிய கிளையாறுகள் அடிமட்டம் வரை உறைந்து நின்றுபோகின்றன. ஓராண்டில் கோலிமா கடலுக்குக் கொண்டுபோகும் நீரில் மிகப் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதங்களுக்குள் கடந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் அது பெயரளவில்தான் ஆறு.

மலைப்பகுதிகளில் இன்னொரு விந்தை நடக்கும். ஆழத்திலிருந்து எங்கோ ஒரு வெடிப்பு வழியாகக் கசியும் ஊற்றுநீர், உறைந்த ஓடையின் மேலேறி வழிந்து உறையும். அதன் மேல் மறுநாள் இன்னொரு ஏடு. குளிர்காலம் முழுவதும் ஏடு ஏடாகச் சேர்ந்து பள்ளத்தாக்கின் அடியை நிறைக்கும் பனித்தகடு ஆகிவிடும். ஜூலை மாதச் செயற்கைக்கோள் படத்தில், பச்சைப் பள்ளத்தாக்கின் நடுவே பளீரென்ற வெள்ளைத் திட்டுகளாக அவற்றை நானே பலமுறை தேடிக் கண்டிருக்கிறேன். சுற்றிலும் லார்ச் மரங்கள் தளிர்விட்டு நிற்கும்போது அந்தப் பனி மட்டும் கரையாமல் கிடக்கும்.

மேற்பகுதியில் கோலிமா மலையாறுதான். பெரிய பாறைச் சரிவுகள் இருந்த இடத்தில் இப்போது சினெகோரியே என்ற ஊருக்கு அருகே கோலிமா நீர்மின் நிலையம் நிற்கிறது. 900 மெகாவாட் திறன், 130 மீட்டருக்கும் மேல் உயரமான பாறை அணை. 1980களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. மகதான் பகுதிக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அணை வந்தபின் ஆற்றின் இயல்பே மாறியது. குளிர்காலத்திலும் அணையிலிருந்து நீர் வெளியேறுவதால் கீழே சில தொலைவுக்கு ஆறு உறைவதில்லை. குளிர்கால நீரோட்டம் முன்பைவிடப் பல மடங்கு கூடிவிட்டது. கோடை வெள்ளமோ அடங்கிவிட்டது.

செயிம்சான் என்ற ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் மலைகள் விலகத் தொடங்கும். சிரியான்காவுக்குப் பிறகு ஆற்றின் இரு கரைகளும் இரு வேறு நாடுகள் போல ஆகிவிடுகின்றன. வலப்பக்கம் யூகாகிர் மேட்டுநிலமும் அதற்கு வடக்கே குன்றுகளும் ஆற்றை ஒட்டியே வரும். இடப்பக்கம் கோலிமா தாழ்நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் ஏரிகள், ஏரிகள், மீண்டும் ஏரிகள். உறைநிலத்துக்குள் இருந்த பனி உருகி, நிலம் அமுங்கி, பள்ளத்தில் நீர் தேங்கி உண்டான ஏரிகள் இவை. ஓர் ஏரி வடிந்தால் அதன் படுகை புல்வெளியாகும். வேறோர் இடத்தில் நிலம் அமுங்கிப் புதிய ஏரி பிறக்கும். பழைய வரைபடத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏரிகள் இடம் மாறியிருப்பது தெரியும்.

வலப்பக்கத்திலிருந்துதான் பெரிய துணையாறுகள் வருகின்றன: கொர்கொதோன், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஓமோலோன், கடைசியாகப் பெரிய அன்யூயும் சிறிய அன்யூயும். இவை கலந்த பிறகு கோலிமா அகன்று, சோம்பி, மூன்று பெரிய கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேர்கிறது.

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் எல்லா ஆறுகளுக்கும் உள்ள தொல்லை இதற்கும் உண்டு. மே மாதத்தில் மேற்பகுதியில் பனி உடைந்து வெள்ளம் புறப்படும்போது கீழ்ப்பகுதி இன்னும் இறுகியே இருக்கும். இறங்கி வரும் பனிப்பாளங்கள் உறைந்த ஆற்றின் மேல் மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வளைவுகளிலும் தீவுகளுக்கு இடையிலும் அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர் உயரும். ஸ்ரெத்னெகோலிம்ஸ்க் போன்ற கரையோர ஊர்கள் ஆண்டுதோறும் இந்த நாட்களை அச்சத்தோடு எதிர்நோக்குகின்றன. கழிமுகத்தில் ஜூன் முதல் வாரத்தில்தான் பனி நகரும். அதன்பின் கப்பல் போகக் கிடைப்பது நான்கு மாதம்கூட இல்லை. அக்டோபரில் மறுபடி உறைந்த பிறகு ஆறே சாலையாகிவிடும். லாரிகள் பனிமேல் ஓடும். ஊர்களுக்கு எரிபொருளும் மாவும் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான்.

இப்போது துவான்னி யார். கோலிமாவைப் பற்றி ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்ல அனுமதி உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். கீழ்க் கோலிமாவின் வலக்கரையில், ஆறு கிலோமீட்டர் கணக்கில் அரித்து நிறுத்தியிருக்கும் செங்குத்தான மண்சுவர் அது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும். மண்சுவர் என்று சொன்னேன், ஆனால் அதில் பாதிக்கு மேல் பனி. பனியுகத்தின் குளிர்காலங்களில் தரை சுருங்கி வெடிக்கும். வசந்தத்தில் அந்த வெடிப்பில் உருகுநீர் இறங்கி உறையும். அடுத்த குளிரில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். காற்றில் வந்த புழுதி மேலே படியப் படிய, பனியும் மேல்நோக்கி வளரும். பல்லாயிரம் ஆண்டுகள் இப்படியே நடந்ததில், தரைக்குள் ஆப்பு அடித்தது போன்ற மாபெரும் பனித்தூண்கள் நிற்கின்றன. அவையும் அவற்றுக்கு இடையே சிக்கிய மண்ணும் சேர்ந்த படிவுக்கு யெடோமா என்று பெயர்.

கோடையில் இந்தச் சுவர் நாள் முழுவதும் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே புல்தரையின் விளிம்பு வேர்களோடு தொங்கும். பனித்தூண் உருகிய இடம் குழிந்துபோக, நடுவிலிருந்த மண் மட்டும் கூம்புகளாக நிற்கும். சேறு வழிந்து ஆற்றுக்குள் இறங்கும். அதில் பனியுகத்து யானையான மாமூத், காட்டெருமை, குதிரை ஆகியவற்றின் எலும்புகள் கிடக்கும். பல்லாயிரம் ஆண்டுப் பழைய சாணமும் புல்வேரும் உருகி மக்கத் தொடங்குவதால் அங்கே தொழுவத்தின் வாடை வீசும் என்று போய்வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்று அந்தப் பகுதியில் பாசியும் குற்றுச்செடிகளும் மெலிந்த லார்ச் மரங்களும்தான். அன்று அது மந்தைகள் மேய்ந்த புல்வெளி. அந்தப் புல்வெளியைத்தான் ஆறு இப்போது அறுத்துக் காட்டுகிறது.

அந்தச் சுவருக்குள், தரையிலிருந்து 38 மீட்டர் ஆழத்தில், ஒரு தரை அணிலின் வளையை ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அணில் குளிர்காலத்துக்கென்று சேர்த்துவைத்த விதைகளும் காய்களும் அப்படியே உறைந்திருந்தன. வயது ஏறத்தாழ 32,000 ஆண்டுகள். அந்தக் காய்களின் திசுவிலிருந்து ஸ்வெத்லானா யாஷினாவின் குழுவினர் செடிகளை வளர்த்தார்கள். அவை வெள்ளைப் பூக்கள் பூத்தன, மீண்டும் விதை தந்தன. 2012 பிப்ரவரியில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் கிலிசின்ஸ்கி அதற்குச் சில நாட்கள் முன்பு காலமாகியிருந்தார். 2023இல் இதே உறைநிலத்திலிருந்து எடுத்து உயிர்ப்பித்த, கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழு ஒன்று புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அது உறங்கியது 46,000 ஆண்டுகள். அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி 'கோலிமாயென்சிஸ்'. கோலிமாவைச் சேர்ந்தது என்று பொருள்.

அணிலுக்கும் புழுவுக்கும் கிடைக்கும் செய்தித்தாள் இடத்தில் கால்பங்குகூட யூகாகிர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆற்றின் பழங்குடிகளில் மூத்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் லேனா முதல் கிழக்கே அனாதிர் ஆறு வரை பரவியிருந்தவர்கள். அம்மையும் பசியும் பிற இனத்தோர் வருகையும் அவர்களைச் சுருக்கின. 2010 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,600 பேர். மேல் கோலிமாவின் துணையாறான யசாச்னயாவின் கரையில் நெலெம்னொயே என்ற சிற்றூரிலும், கீழே தூந்திரப் பகுதியிலும் வாழ்கிறார்கள்.

கோலிமாவுக்கு முதலில் வரைபடம் எழுதியவர்கள் அவர்கள்தான் என்பேன். வேட்டைக்குப் போகும் ஆண்கள் பூர்ச்ச மரப்பட்டையின் உட்புறத்தில் கத்தி முனையால் கீறி, பின்னால் வருபவர்களுக்காக மரத்தில் விட்டுப் போவார்கள். இணையாக இரு கோடுகள் இழுத்தால் ஆறு. பக்கத்தில் பிரியும் கோடுகள் துணையாறுகள். கூடாரம் அடித்த இடத்தில் கூம்பு, படகு போன வழியில் படகு. யார் எந்தக் கிளையில் திரும்பினார்கள், எங்கே காத்திருப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1890களில் அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த விளாதிமிர் யோகெல்சன் இவற்றைச் சேகரித்துப் பதிவு செய்தார். அச்சில் வந்த அந்தக் கீறல்களை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அளவுகோல் இல்லை, திசைக்குறி இல்லை. ஆனால் ஆற்றில் போகிறவனுக்குத் தேவையானது எதுவும் விடுபடவில்லை.

ரஷ்ய அரசின் எல்லைப் போர்வீரர்களான கோசாக்குகள் 1640களில் மென்மயிர்த் தோல் தேடி வந்தார்கள். 1648இல் செம்யோன் தெஸ்னியோவும் கூட்டாளிகளும் கோலிமாவின் கழிமுகத்திலிருந்துதான் ஏழு படகுகளில் கிழக்கே புறப்பட்டார்கள். பெரும்பாலோர் கடலில் மடிந்தனர். தெஸ்னியோவின் படகு ஆசியாவின் கிழக்கு முனையைச் சுற்றி அனாதிருக்குத் தெற்கே கரை ஒதுங்கியது; ஆசியாவும் அமெரிக்காவும் ஒட்டியில்லை என்பதற்கு அதுவே சான்று. அவருடைய அறிக்கையோ யாகூத்ஸ்க் ஆவணக் கிடங்கில் கிடந்து, 1736இல்தான் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் முல்லர் கண்ணில் பட்டது.

அதற்கும் நீண்ட காலம் கழித்து வந்தவர் இவான் செர்ஸ்கி. 1863 போலந்து எழுச்சியில் கலந்துகொண்டதற்காகப் பதினெட்டு வயதில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். தானே படித்து நிலவியலாளர் ஆனவர். 1891இல் ரஷ்ய அறிவியல் கழகத்தின் சார்பில் மனைவி மாவ்ராவையும் மகனையும் அழைத்துக்கொண்டு கோலிமாவுக்குப் புறப்பட்டார். மேல் கோலிமாவில் குளிர்காலத்தைக் கழிக்கையில் காசநோய் முற்றியது. பயணத்தை நிறுத்தக் கூடாது, தான் இறந்தாலும் மாவ்ரா ஆய்வைத் தொடர வேண்டும் என்று எழுதிவைத்தார். 1892 கோடையில் ஆற்றில் இறங்கினார்கள். ஓமோலோன் கலக்கும் இடத்தருகே படகிலேயே உயிர் பிரிந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு மாவ்ரா கீழ்க் கோலிமா வரை போய், மாதிரிகளையும் குறிப்பேடுகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கோலிமாவின் பயணிகளில் நான் மிகவும் மதிப்பது மாவ்ராவைத்தான். பின்னர் 1926இல் செர்கெய் ஓப்ருசெவ், வரைபடத்தில் சமவெளியாகக் காட்டப்பட்டிருந்த இடத்தில் 1,500 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் ஒன்றைக் கண்டு, அதற்குச் செர்ஸ்கியின் பெயரை வைத்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்து கால்பகுதி கழிந்தும் இத்தனை பெரிய மலை உலகுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மேலே சொன்ன நீர்பிரி மேட்டுக்கு வருகிறேன். 1928இல் யூரி பிலிபின் என்ற இளம் நிலவியலாளர் ஒகோட்ஸ்க் கரையில் ஓலா என்ற ஊரில் வந்திறங்கினார். கடற்கரையிலிருந்து மேட்டைக் கடந்து, மறுபக்கத்தில் பஹாப்சா ஆற்றில் தெப்பங்களை இறக்கினார். பாறைகளில் நுரைத்துப் பாயும் அந்த ஆறு அவர்களை நேரே கோலிமாவில் கொண்டு சேர்த்தது. அங்கே தங்கம் இருந்தது. வடக்கிலிருந்து வந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும் பயணம் தெற்கிலிருந்து வந்தால் சில வாரங்கள்தான் என்பதும் தெளிவாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1931 நவம்பரில், கைதிகளின் உழைப்பில் சாலை போட்டுத் தங்கம் தோண்டுவதற்காகத் தால்ஸ்த்ரோய் என்ற அரசு அமைப்பு உருவானது. ஒகோட்ஸ்க் கரைத் துறைமுகமான மகதானிலிருந்து உள்ளே சாலை நீண்டது. கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள்.

உறைநிலம் இங்கேயும் விதி வகுத்தது. தங்க மணல் ஓடைப் படுகையில், உறைந்த மண்ணுக்கு அடியில் இருந்தது. அலசுவதற்கு நீர் ஓட வேண்டும். நீர் ஓடுவதோ கோடையில் மட்டும். ஆகவே குளிர்காலம் முழுவதும் மேல்மண்ணைக் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் பெயர்த்து, தள்ளுவண்டியில் அகற்ற வேண்டியிருந்தது. உறைந்த மண்ணைக் கையால் பெயர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். லட்சக்கணக்கானோர் அங்கே அனுப்பப்பட்டார்கள், மீளாதவர்கள் ஏராளம். அங்கிருந்து தப்பி ஓடவும் வழியில்லை. சுற்றிலும் நிலமே இருந்தாலும் கோலிமாக்காரர்கள் ரஷ்யாவின் மற்ற பகுதிகளை இன்றும் 'பெருநிலம்' என்றே சொல்கிறார்கள், தீவில் இருப்பவர்களைப் போல. உறைநிலத்தில் புதைக்கப்பட்ட உடல்கள் மக்குவதில்லை. மாமூத் எலும்புகளைக் காத்த அதே குளிர் அவர்களையும் வைத்திருக்கிறது. தால்ஸ்த்ரோய் 1957இல் கலைக்கப்பட்டது. அங்கே எழுந்த ஊர்கள் பலவும் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் காலியாயின. காடிக்சான் நிலக்கரி நகரம் 1996 சுரங்க வெடிப்புக்குப் பிறகு மெல்ல மெல்ல ஆளற்றுப்போனது.

கழிமுகத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். மார்பில் ரோஜா நிறம், கழுத்தில் மெல்லிய கறுப்பு வளையம் கொண்ட ராஸ் கடற்காகத்தை 1823 முதலே அறிவியலாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அது எங்கே கூடு கட்டுகிறது என்பது எண்பது ஆண்டுகளுக்கும் மேல் புதிராக இருந்தது. 1905இல் செர்கெய் புத்தூர்லின் கோலிமாக் கழிமுகத்தில் பொஹோத்ஸ்க் என்ற சிற்றூருக்கு அருகே, கோரைப்புல் சதுப்பில் அதன் கூடுகளைக் கண்டார். குஞ்சு பொரித்து முடிந்ததும் மற்றப் பறவைகள் தெற்கே போக, இது வடக்கே கடற்பனியின் விளிம்புக்குப் போகும்.

அந்தக் கழிமுகத்துக்குச் சற்று மேலே, செர்ஸ்கியின் பெயர் தாங்கிய ஊரில் செர்கெய் சீமோவ் 1980 வாக்கில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். யெடோமா உருகினால் என்ன ஆகும் என்ற கேள்வியை உலகின் முன் வைத்தவர்களில் அவர் முதன்மையானவர். வடபுலத்து உறைநிலங்களில் இருக்கும் கரிமம் இன்று காற்றில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அது வாயுவாக வெளியேறிப் புவியைச் சூடாக்குவதைத் தடுக்கக் குதிரைகளையும் காட்டெருமைகளையும் கொண்டுவந்து மேயவிட்டு, அவை பனியை மிதித்து அமுக்குவதால் குளிர் நிலத்துக்குள் இறங்கட்டும் என்று 1996இல் ஒரு பூங்காவையும் அமைத்தார். இன்று மகன் நிகிதாவும் உடனிருக்கிறார். அந்தப் பூங்கா உறைநிலத்தைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. வடிநிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளி. ஆனால் அந்தத் தந்தையும் மகனும் அங்கேயே தங்கி, ஆண்டுதோறும் மண்ணை அளந்து எழுதிவைத்த கணக்குக்கு விலையே இல்லை.

2003 முதல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஆர்க்டிக்கின் ஆறு பெரிய ஆறுகளில் ஒரே முறைப்படி நீர் எடுத்துச் சோதித்து வந்தார்கள். கோலிமாவின் நீர் செர்ஸ்கி அருகே எடுக்கப்பட்டது. அந்த நீரில் கரைந்திருக்கும் கரிமத்தின் வயதைக் கணித்தால், அது போன ஆண்டு உதிர்ந்த இலையிலிருந்து வந்ததா, மாமூத் மேய்ந்த புல்லிலிருந்து வந்ததா என்று தெரியும். துவான்னி யாரின் சேற்று ஓடைகளில் கரைந்த பழங்கரிமத்தை நுண்ணுயிர்கள் சில நாட்களுக்குள் தின்று வாயுவாக்கிவிடுவதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கத்திய நிறுவனங்கள் பலவும் ரஷ்யாவோடு சேர்ந்து செய்த ஆய்வுகளை நிறுத்திக்கொண்டன. ஜூன் மாதத்தில் கழிமுகத்திலிருந்து பழுப்பு நீர் கடலுக்குள் விரிவதைச் செயற்கைக்கோள் இன்றும் படம் எடுத்து அனுப்புகிறது. அந்தப் பழுப்பில் எத்தனை பங்கு இந்த ஆண்டுடையது, எத்தனை பங்கு 30,000 ஆண்டுக்கு முந்தியது என்பதை அறிய யாராவது படகில் போய் ஒரு புட்டியில் நீர் மொண்டு வர வேண்டும்.